குரல் கேட்கிறது, ஆள் இருக்கிறாரா?

வானொலி குறித்து வாசகர்கள் அனுப்பியுள்ள கேள்விகளில், நேரலையையும் முன்பதிவையும் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பண்பலையில் ஓர் இரவு நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பவன் நான். சென்ற மாதம் எங்கள் பகுதியில் மழை கொட்டித் தீர்த்து மின்சாரமும் போய்விட்ட ஓர் இரவில், அந்த அறிவிப்பாளர் ‘மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது’ என்று பேசிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முன்பே பதிவு செய்யப்பட்டது என்று பிறகு ஒருவர் சொன்னார். இது எப்படி நடக்கிறது? நேயரை ஏமாற்றுவது ஆகாதா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இதற்கு வானொலித் துறையில் ‘வாய்ஸ் டிராக்கிங்’ என்று பெயர். நிகழ்ச்சி முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பதிவு செய்வது வேறு, இது வேறு. அன்றைய ஒலிபரப்புக்கான பாடல்கள், விளம்பரங்கள், நிலையத்தின் அடையாள இசை ஆகிய எல்லாமே கணினியில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு பாடல்களுக்கு நடுவே அறிவிப்பாளர் பேச வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். அவர் திரையின் முன் அமர்ந்து முடியப்போகும் பாடலின் கடைசிச் சில நொடிகளைக் கேட்கிறார். அது தேயும்போது பேசத் தொடங்குகிறார். ஒரு விசையைத் தட்டி அடுத்த பாடலின் முன்னிசையை அடியில் ஓடவிட்டு, பாடகர் வாய் திறப்பதற்குச் சற்று முன்பாகத் தம் பேச்சை முடித்துக்கொள்கிறார். முன்னிசை எத்தனை நொடி என்பது திரையிலேயே குறைந்துகொண்டு வரும் எண்ணாகத் தெரியும். பேச்சு தடுமாறினாலோ பல்லவியின் மேல் ஏறிவிட்டாலோ அழித்துவிட்டு மறுபடியும் பேசலாம். பாட்டு ஓடும் நேரம் முழுவதும் அவர் காத்திருக்கத் தேவையில்லை என்பதால், நான்கு மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியும். குறித்த நேரம் வந்ததும் கணினி எல்லாவற்றையும் தைத்துக்கொண்டு தானே ஒலிபரப்பிவிடுகிறது. நன்றாகச் செய்யப்பட்ட பதிவை நேரலையிலிருந்து காதால் பிரித்தறிவது, துறையில் இருப்பவர்களுக்கே கடினம்.

ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவு செய்தது ஏமாற்று ஆகாது. தாம் பார்க்காத நிலாவைப் பார்ப்பதாகச் சொன்னதுதான் தவறு. முந்தைய நாள் மாலையில் பதிவு செய்யும் ஒருவர் ஒரு பாடலின் இசையைப் பற்றியோ, ஒரு கடிதத்தைப் பற்றியோ எவ்வளவு வேண்டுமானாலும் உண்மையாகப் பேசலாம். வானிலையையும் கடிகாரத்தையும் சாலையையும் பற்றி, அந்த நொடியில் அங்கே இருப்பவரைப் போல நடித்துப் பேசும்போதுதான் நேயரின் நம்பிக்கை சிதைக்கப்படுகிறது. உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அது அந்த ஒரு வாக்கியத்தின் மேல் இருக்க வேண்டும், தொழில்நுட்பத்தின் மேல் அல்ல.

கேள்வி: பழைய வானொலியில் எல்லாமே நேரடியாக இருந்ததால்தான் அதில் உயிர் இருந்தது, பதிவு என்பது செலவைக் குறைக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி என்று என் தந்தையார் சொல்கிறார். சரிதானா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பாதி சரி. நம் நாட்டிலும், ஒலிநாடா பரவலாகும் வரை நாடகம், கச்சேரி உட்படப் பெரும்பாலானவை நேரடியாகவே ஒலிபரப்பாயின. ஆனால் பதிவு வேண்டும் என்று முதலில் போராடியவர்களில் நிறுவன முதலாளிகளைவிடக் கலைஞர்களே முன்னால் நின்றார்கள்.

1940களில் அமெரிக்காவின் பெரிய வானொலி வலையமைப்புகள் பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகளை ஏற்பதில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு இருந்ததால், ஒரே நிகழ்ச்சியை ஒரே நாளில் இரண்டு முறை நடத்தும் கட்டாயம் பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் இருந்தது. அன்றைக்குப் புகழின் உச்சியில் இருந்த பாடகர் பிங் கிராஸ்பி இதை ஏற்க மறுத்து என்பிசியை விட்டு விலகி, 1946இல் பதிவுக்குச் சம்மதித்த ஏபிசிக்குப் போனார். முதலில் இசைத்தட்டில்தான் பதிவு செய்தார்கள். பகுதிகளை வெட்டிச் சேர்க்கத் தட்டிலிருந்து தட்டுக்குப் படியெடுத்தபோது ஒலி மங்கியது, நேயர்கள் குறைந்தார்கள். ஜெர்மனியிலிருந்து காந்த ஒலிநாடாக் கருவியைக் கொண்டுவந்திருந்த ஜாக் மல்லின் என்ற பொறியாளர் 1947இல் அதை இயக்கிக் காட்டியபோது, நேரலைக்கும் பதிவுக்கும் வேறுபாடே தெரியவில்லை. கிராஸ்பி 50,000 டாலரை ஆம்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்குக் கொடுத்து அந்தக் கருவியை உருவாக்கச் செய்தார். பிடிக்காததை வெட்டி எறியவும், திருப்தி வரும் வரை மீண்டும் பாடவும், தமக்கு வசதியான நேரத்தில் வேலையை முடிக்கவும் அவர் விரும்பினார். ஒரு கலைஞரின் அந்த விருப்பத்தில் எந்தக் குற்றமும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தந்தையார் சொல்லும் செலவுக் கணக்கு பிற்பாடு வந்தது. அதற்கு அடுத்த கேள்வி இடம் தருகிறது.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நகரத்தில் விஷவாயு பரவியபோது வானொலியில் அதைச் சொல்ல ஆளே இல்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாகப் படித்தேன். உண்மையா? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: நடந்தது உண்மை. ஆனால் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரும் சுருக்கிச் சுருக்கிச் சொல்லி வந்திருப்பதால், நிதானமாகப் பார்ப்பது நல்லது.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2002 ஜனவரி 18 அன்று அதிகாலை 1.37 மணிக்கு, ஊருக்குச் சற்று வெளியே கனடியன் பசிபிக் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம் புரண்டது. 112 பெட்டிகளில் 31 சரிந்தன. அம்மோனியா ஏற்றிவந்த ஐந்து தொட்டிகள் பிளந்து, நீர் கலக்காத அம்மோனியா சுமார் 1,46,700 கேலன் ஒரேயடியாக வெளியேறியது. உறைபனிக் குளிர், காற்றும் அவ்வளவாக இல்லை. வெண்மேகம் எழுந்து கலையாமல் வீடுகளின் மேல் கவிந்தது. ஒருவர் இறந்தார். 11 பேர் பலத்த பாதிப்புக்கும் 322 பேர் சிறிய பாதிப்புக்கும் உள்ளானார்கள்.

அந்த நேரத்தில் மக்களுக்குத் தெரிய வேண்டியது மிகச் சிறிய செய்தி: வெளியே வராதீர்கள், சன்னல்களை மூடுங்கள், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஈரத்துணி வழியாக மூச்சு விடுங்கள். அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால் இந்த அறிவுரை உயிர் காக்கும். நகரின் சில பகுதிகளில் மின்சாரமும் போய்விட்டதால், தொலைக்காட்சி உதவாத வீடுகளில் மின்கலத்தில் ஓடும் வானொலிப் பெட்டியே மிச்சம். அங்கிருந்த ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அவசர அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்த நிலையமும் அவற்றில் ஒன்று. காவல் துறை அங்கே தொலைபேசியில் முயன்றது. யாரையும் பிடிக்க முடியவில்லை.

நிறுவனத் தரப்பின் விளக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் அன்றிரவு ஓர் ஊழியர் இருந்தார், ஊர் மக்களின் அழைப்புகள் குவிந்து தொலைபேசி இணைப்புகள் அடைத்துக்கொண்டன, தானாகவே ஒலிபரப்பில் குறுக்கிட்டுப் பேச உதவும் அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல் துறை முறையாகப் பயன்படுத்தவில்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆறு நிலையங்களில் தனித்தனியாக ஆட்கள் விழித்திருந்தால், ஒருவரது தொலைபேசி அடைத்துக்கொண்டாலும் இன்னொருவரது மணி அடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால், எரிச்சலூட்டும் அந்த நெடியாவது அவர்களில் ஒருவரை எழுப்பிச் சன்னல் பக்கம் அனுப்பியிருக்கும்.

ஆறு நிலையங்களும் ஒரே கையில் போனது எப்படி என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்படும் வரை ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 20 பண்பலை, 20 மத்திய அலை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு நீங்கியதும் கிளியர் சேனல் சில ஆண்டுகளிலேயே சுமார் 1,200 நிலையங்களை வாங்கியது. வாங்குவதற்குப் பட்ட கடனை அடைக்க ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு நகரத்து அறிவிப்பாளரே பல நகரங்களுக்குக் குரல் பதிவு செய்து அனுப்பினார், அந்தந்த ஊரின் தெருப்பெயர்களைச் செருகி. கிராஸ்பி கேட்ட சுதந்திரம் இப்படித்தான் கணக்குப் பிள்ளையின் கருவியாக மாறியது. 2017இல், உரிமம் பெற்ற ஊரையொட்டி ஒரு முதன்மை ஒலிபரப்புக் கூடம் இருந்தாக வேண்டும் என்ற பழைய விதியையும் அந்நாட்டு ஒழுங்காற்று ஆணையம் நீக்கிவிட்டது.

இதே நாட்டில், இதே நிறுவனமும் பங்கேற்ற எதிர்மாறான நிகழ்வும் உண்டு. 2005இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, போட்டியாளர்களான என்டர்காமும் கிளியர் சேனலும் ஊழியர்களை ஒன்று சேர்த்து, டபிள்யூடபிள்யூஎல் நிலையத்தை மையமாகக் கொண்டு இரவு பகலாக நேரலையில் நின்றார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்கள் அழைத்துத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொன்னார்கள். நகர மேயர் ரே நேகின், நடுவண் அரசின் உதவி வந்து சேராத ஆத்திரத்தை அந்த வானொலியில்தான் கொட்டினார். முன்னமே யாரும் எழுதி வைத்திருக்க முடியாத ஒலிபரப்பு அது.

என் கருத்தைக் கேட்டால், குரல் எப்போது பதிவானது என்பதைவிட, நிலையத்தில் யார் இருக்கிறார், ஓடும் நிகழ்ச்சியை நிறுத்த அவருக்கு அதிகாரமும் பழக்கமும் இருக்கிறதா என்பதே முக்கியம். பதிவு செய்த நிகழ்ச்சி ஓடும்போது அருகில் ஒருவர் விழித்திருந்தால் ஊர் பாதுகாப்பாகவே இருக்கிறது. நம் நாட்டில் 2011இல் வந்த மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்து ஒலிபரப்ப அனுமதித்தது. அதே கொள்கைதான் வானிலை, போக்குவரத்து போன்ற தகவல்களைச் செய்தியல்லாதவையாகக் கொண்டு தனியார் நிலையங்கள் சொல்லலாம் என்றும் வகுத்தது. முதல் அனுமதியை எல்லாரும் உடனே பயன்படுத்திக்கொள்வார்கள். இரண்டாவதைப் பயன்படுத்த ஊரில் ஆள் வேண்டும். உங்கள் கடலூர் எத்தனை புயல்களைப் பார்த்த ஊர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: பதிவு செய்த நிகழ்ச்சியில் போட்டி நடத்திப் பரிசு தர முடியுமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நேயர் அப்போதே அழைக்கும் போட்டியை நடத்தவே கூடாது. பிபிசி 6 மியூசிக் வானொலியில் முன்பதிவான நிகழ்ச்சியை நேரலை போலக் காட்டி, தயாரிப்புக் குழுவினரே நேயர்களாகப் பேசி வெற்றி பெற்றதாக நடித்தது அம்பலமானது. இதுபோன்ற பல நிகழ்ச்சிகளுக்காக பிபிசிக்கு 2008இல் பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் மொத்தம் 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தது. பரிசை முன்கூட்டியே அறிவித்து, விடைகளைக் கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ பெற்று, முடிவை அடுத்த வாரம் சொன்னால் எந்தச் சிக்கலும் இல்லை.

கேள்வி: இனி செயற்கை நுண்ணறிவே பேசிவிடும் என்கிறார்களே? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பேச ஆரம்பித்துவிட்டது. 2024 அக்டோபரில் போலந்தின் ஆஃப் ரேடியோ கிராக்கோவ், மனித அறிவிப்பாளர்களை நீக்கிவிட்டுச் செயற்கைக் குரல்களைக் கொண்டுவந்தது. 2012இல் மறைந்த கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்காவுடன் ‘நேர்காணல்’ ஒன்றையும் ஒலிபரப்பியது. எதிர்ப்பு வலுத்ததால் ஒரு வாரத்துக்குள்ளேயே சோதனையை நிறுத்தினார்கள். அங்கே குறைந்தபட்சம் வெளிப்படையாக அறிவித்துச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் காடா வானொலியில் ‘தை’ என்ற பெயரில் வார நாள்களில் நான்கு மணி நேரம் ஒலித்த குரல் செயற்கையானது என்பது, பல மாதங்கள் கழித்து 2025இல், வெளியிலிருந்தவர்கள் துருவிக் கேட்ட பிறகே தெரியவந்தது. வாய்ஸ் டிராக்கிங்கில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருக்கிறார். நிலாவைப் பற்றிப் பேசியவரை மதுரை வாசகர் கேள்வி கேட்க முடியும். செயற்கைக் குரலில் அதுவும் இல்லை. ஆகவே, அறிவிக்காமல் இதைச் செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: ஊடகவியல் படிக்கிறேன், ஆர்ஜே ஆக விரும்புகிறேன். நேரலை, பதிவு இரண்டில் எதில் பயிற்சி எடுப்பது? (ஒரு மாணவி, திருநெல்வேலி)

பதில்: வேலை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் இரண்டையும் கேட்பார்கள். வரிசை முக்கியம்: நேரலையை முதலில் பழகுங்கள். தவறிப்போன சொல்லைத் திருத்திக்கொண்டு மேலே செல்வதும், வராத பாடலுக்காக முப்பது நொடி பேச்சை நீட்டுவதும் அங்கேதான் கைகூடும். நேராகப் பதிவில் தொடங்குபவர்கள் ஒரே லிங்க்கை (இரண்டு பாடல்களுக்கு நடுவே பேசும் துண்டை) ஐந்தாறு முறை அழித்து எழுதி, கடைசியில் பிசிறில்லாத, ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாத ஒரு குரலுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

பதிவுக்கு வரும்போது இரண்டு முறைக்கு மேல் ஒரு லிங்க்கைப் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடலின் கடைசிப் பகுதியை உண்மையிலேயே கேட்டுவிட்டுப் பேசுங்கள். ‘இப்போது’, ‘வெளியே’, ‘இந்த நிமிடம்’ என்று தொடங்கும் வாக்கியங்களை நேரலைக்கு வைத்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் தானியங்கியை நிறுத்திவிட்டு மைக்கைத் திறப்பது எப்படி, நள்ளிரவில் அதைச் செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அழைத்தால் எந்தத் தொலைபேசி ஒலிக்கும் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி தேவையில்லை என்று அவர் சொன்னால் நல்ல நிலையத்தில் சேர்ந்திருக்கிறீர்கள்.