கீமோ நடக்கும்போது முள்சீத்தா கஷாயம் கொடுக்கலாமா?

மார்பகப் புற்றுக்கு கீமோ எடுக்கும் அம்மாவுக்கு முள்சீத்தா இலைக் கஷாயமும் கோதுமைப்புல் சாறும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டுமே வேண்டாம். கீமோவால், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைச் சாற்றில் இருக்கும் கிருமியே பெரிய தொற்றாகிவிடும். முள்சீத்தாவை நெடுநாள் குடித்தால் நரம்பு பாதிக்கலாம். புற்று குணமாகும் என்பதற்குச் சான்றும் இல்லை. குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை அப்படியல்ல, சில கீமோ மருந்துகளோடு குறுக்கிடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சாப்பாடு இறங்கவில்லையா? குழைந்த பருப்புசாதம், நன்றாக வெந்த முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு, கொப்பளித்துத் துப்பவேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கைவைத்தியம் பார்க்காமல், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.