பெண்பிள்ளையும் சீழ்க்கையும்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஜூலை மாதம் பள்ளியிலிருந்து போரிவலி தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஓடைப் பக்கம் ஒரு பறவை மனிதர் போலவே சீட்டியடித்ததைக் கேட்டு வந்த நாள் முதல், தானும் அடிக்க வேண்டும் என்று உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இருக்கிறாள், காற்றுதான் வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த என் மாமியார், பெண்பிள்ளை சீட்டியடிக்கக் கூடாது, அது ரௌடிப் பயல்களின் பழக்கம், விளக்கு வைத்த பிறகு அடித்தால் பாம்பு வரும் என்று கண்டிக்கிறார். எனக்கும் சிறு வயதிலிருந்து ஆசைதான், வந்ததே இல்லை. இது பிறவியிலேயே வர வேண்டியதா? மகளைத் தடுப்பதா, விடுவதா?
— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: மகளோடு உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி நிறைய எழுதிவிட்டு உங்கள் ஆசையை ஒரே வரியில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்; எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களுக்கு வராமல் போனதற்கு உதடும் நாக்கும் காரணமாக இருந்திருக்காது, ஊதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் வாயை மூடச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது. பள்ளி வராந்தாவில் ஊதிக்கொண்டு நடந்ததற்காக ஒரு பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டேன். என்னோடு ஊதிக்கொண்டு வந்த பையன்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் 36ஆவது வயதில், வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில்தான், என் உதட்டிலிருந்து முதல் ஒலி வந்தது. இத்தனை ஆண்டுகளை வீணாக இழந்தோமே என்று அன்று உண்மையாகவே வருந்தினேன். உங்கள் மகளுக்கு அந்த வருத்தம் வர வேண்டாம்.

அவள் கேட்டது சீகாரப் பூங்குருவியாக இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைகளை ஒட்டி வாழும் கருநீலப் பறவை அது. நெற்றியிலும் தோளிலும் நீலம் பளிச்சிடும். மழைக்காலத்தில், பாட்டின் அடுத்த அடி நினைவுக்கு வராத ஒருவர் தனக்குத்தானே சீழ்க்கையடித்துக்கொண்டு நடப்பதைப் போல, விட்டு விட்டு இழுத்துப் பாடும். ஆங்கிலத்தில் அதற்குச் ‘சீட்டியடிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. பெயர் வைத்தவர்களுக்கும் பையன் என்றுதான் தோன்றியிருக்கிறது. நம்மைச் சுற்றிப் பேசப்படும் மராத்தியிலோ அது ‘ஷீள் கஸ்தூர்’. ஷீள் என்றால் சீழ்க்கை. இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அவள் மகிழ்வாள். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். பறவைக்கு ஒலி பிறப்பது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள குரலுறுப்பில். மனிதரின் சீழ்க்கையில் குரல்நாண்களுக்கு வேலையே கிடையாது. பாட வராது என்று வீட்டில் ஒதுக்கப்பட்டவர்கூட அதனால் சீழ்க்கையில் அருமையாகப் பாடிவிட முடியும்.

ஒலி பிறக்கும் விதத்தை அறிந்துகொண்டால் பிறவி வரம் என்ற எண்ணம் தானே போய்விடும். குவிந்த உதட்டின் சிறு ஓட்டை வழியே மெல்லிய காற்றுத் தாரை வெளியேறுகிறது. வாய்க்குள் நாக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள காற்று அதோடு சேர்ந்து அதிர்ந்தால் சீழ்க்கை, சேராவிட்டால் வெறும் காற்று. காலிப் பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் ஒலி வருவதும், பாதி தண்ணீர் ஊற்றிய பிறகு ஊதினால் அதே ஒலி மேலேறுவதும் இதனால்தான். பாட்டிலில் தண்ணீர் செய்யும் வேலையை வாய்க்குள் நாக்கு செய்கிறது: முன்னே வந்து எழும்பினால் இடம் குறுகிச் சுருதி ஏறும், பின்வாங்கினால் இறங்கும்.

ஆகவே, நீங்கள் தேட வேண்டியது நாக்குக்கான இடம். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ‘ஊ’ என்று சொல்லும்போது குவிவதுபோல் குவித்து, ஒரு மிளகு நுழையும் அளவுக்கு மட்டும் வழி விடுங்கள். நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். காபியை ஆற்றுவதற்கு ஊதுவதைக் காட்டிலும் மெதுவாக ஊதுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒலி வரவில்லையே என்று கன்னம் உப்ப மேலும் மேலும் பலமாக ஊதுகிறார்கள். அடுப்பங்கரையில் குக்கர் விசிலைக் கேட்டுப் பழகிய நமக்கு, அழுத்தம் கூடினால்தான் ஒலி வரும் என்று தோன்றுவது இயல்பே. உதட்டுச் சீழ்க்கையிலோ அழுத்தம் கூடக் கூட ஒலி கலைந்துதான் போகும். மெதுவாக ஊதியபடியே நாக்கை ஓர் அரிசியளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் நூல்போல ஓர் ஒலி தட்டுப்படும். அங்கேயே நாக்கை நிறுத்தி, மூச்சை விட்டு மீண்டும் அதே இடத்தைப் பிடிக்கப் பாருங்கள். சிலருக்குக் காற்றை வெளியே விடுவதைவிட உள்ளே இழுக்கும்போது முதல் ஒலி எளிதாக வரும். அதுவும் முறையான சீழ்க்கைதான். விடாமல் ஊதினால் உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம்.

விரல் வைத்து அடிக்கும் சீட்டியைப் பிறகு பழகலாம். உதடுகளைப் பல்லின்மேல் உள்ளே மடித்து, விரல் நுனிகளால் நாக்கைப் பின்னே மடக்கித் தள்ளி, காற்றைக் கீழுதட்டின்மேல் செலுத்துவது அதன் முறை. அந்த ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடியது, ஆகையால் யாருடைய காதருகிலும் அடிக்கக் கூடாது. லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்த கையைக் கழுவாமல் வாயில் வைக்கவும் கூடாது.

உங்கள் மாமியார் சொன்னவற்றுக்கு வருகிறேன். பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையாது. தாழ்ந்த அதிர்வுகளைத்தான் அது நன்றாக உணரும். நாம் அடிக்கும் சீழ்க்கை பெரும்பாலும் நொடிக்கு 1000 அதிர்வுகளுக்கு மேல் இருப்பதால், எந்த நேரத்தில் அடித்தாலும் அதைக் கேட்டுப் பாம்பு தேடி வராது.

ரௌடிகளின் பழக்கம் என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தெருவில் பெண்களைப் பார்த்துச் சீட்டியடிப்பவர்களால் பட்ட வேதனைதான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. நானும் அதை அனுபவித்தவள். பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒலி எழுப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அந்தச் சட்டம் நோக்கத்தைத்தான் குற்றமாகப் பார்க்கிறது. வீதியில் ஒருவன் செய்த குற்றத்துக்காக வீட்டிலிருக்கும் சிறுமியின் உதட்டைப் பூட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

சீழ்க்கை நம் முன்னோரிடம் உழைப்பவரின் கருவியாக இருந்தது. சங்கத் தமிழில் அதற்கு வீளை என்று பெயர். அகநானூற்றின் 274ஆம் பாட்டில், நுண்ணிய மழைத்துளிகள் உடலின் ஒரு பக்கத்தை நனைக்க, கோலை ஊன்றித் தனியே நிற்கிறான் ஓர் இடையன். வாயை மடித்து அவன் விடுகிற வீளை விரைந்து சென்று ஒலிக்கிறது. ஆட்டுக்குட்டியைக் கவரப் பார்த்திருந்த குறுநரி அஞ்சி முட்புதருக்குள் ஓடிப்போகிறது. ஒரு மந்தையைக் காக்க அந்த ஒலி போதுமானதாக இருந்திருக்கிறது.

பெண்பிள்ளை சீட்டியடிக்கக் கூடாது என்ற பேச்சுக்கும் மறுப்புச் சான்று உண்டு. மேகாலயாவின் காசி மலைப்பகுதியிலுள்ள கோங்தோங் கிராமத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தாய் ஒரு தனி மெட்டைக் கட்டித் தருகிறாள். பெயருக்குப் பதிலாக அந்த மெட்டாலேயே காட்டில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுக்குரிய லா கொமேரா தீவில் பள்ளத்தாக்குகளைத் தாண்டிச் செய்தி சொல்லும் சீழ்க்கை மொழியை 1999 முதல் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே கற்பிக்கிறார்கள். 2009இல் அதை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த வகுப்பில் சிறுவர்களோடு சிறுமிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு என்று தோன்றினால், காலையில் மகளை ஃபைவ் கார்டன்ஸுக்கு அழைத்துச் சென்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் ஊதுங்கள். மாமியாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் வயல்களில் கிடை போட வந்த கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) ஆட்டையும் நாயையும் எப்படி அழைத்தார்கள், எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். அவர் நினைவிலிருந்து சொல்வதை மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.