இயர் ஒன்னில் ஏன் வீட்டுப்பாட நோட்டு வருவதில்லை?

தம்பி, திருச்சியில் யூகேஜி முடித்த உங்கள் மகள் நூறு வரை தப்பில்லாமல் எழுதுவாள். இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கான இயர் ஒன் வகுப்பில் சேர்த்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டு அளந்துகொண்டும் மணி கோத்துக்கொண்டும் இருக்கிறாள், வீட்டுப்பாட நோட்டு ஒன்றுகூட வருவதில்லை, பின்தங்கிவிடுவாளோ, டியூஷனில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட். நம் ஊரிலிருந்து புதிதாக வரும் பெற்றோர் பலர் முதல் டெர்மில் இதே கவலையோடுதான் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். டியூஷன் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையைத் தரையில் கொட்டி, "பதினாலு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். கொடுத்ததும், "இன்னும் மூணு சேர்த்தா எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறாளா, பதினைந்து, பதினாறு, பதினேழு என்று மேலே போகிறாளா என்று கவனியுங்கள். பிறகு அந்த மூன்றையும் சேர்த்து, எல்லாக் கடலைகளையும் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்து, "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். எண்ணாமலே "அதே பதினேழுதானே அப்பா" என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நூறு வரை கடகடவென்று எழுதும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் தயங்குவதைத் தினமும் பார்க்கிறேன். வரிசை மனதில் ஏறியிருக்கும். பதினாலுக்குள் ஒரு பத்தும் ஒரு நாலும் இருக்கிறது என்பது இன்னும் கைக்கு வந்திருக்காது.

அந்த வகுப்பறையில் கிடக்கும் சாமான்கள் எல்லாம் அதற்காகத்தான். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம் என்று ஒரு அட்டை இருக்கும், டென் ஃபிரேம் என்பார்கள். எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், பிள்ளை ஒரு அட்டையில் எட்டு வில்லைகளை வைக்கும். இரண்டு கட்டம் காலியாக இருப்பது கண்ணிலேயே தெரியும். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அந்தக் காலியை நிரப்பும். மீதி மூன்று அடுத்த அட்டைக்குப் போகும். ஒரு முழு அட்டை, ஒரு மூன்று: பதின்மூன்று. விரல் விட்டு எண்ணாமல் பத்தைத் தாண்டும் இந்த வழி பழகிவிட்டால், பின்னாளில் முப்பத்தெட்டும் ஐந்தும் கேட்டாலும் அதே பிள்ளை அதே வழியில் போகும். நூமிக்கான் என்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் துண்டுகளும் இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம், ஒரு வடிவம். இரட்டை எண்களின் மேல்விளிம்பு சமமாக இருக்கும், ஒற்றை எண்களில் ஒரு துண்டு துருத்தி நிற்கும். இரண்டு ஒற்றை எண்களைச் சேர்த்தால் துருத்தல்கள் பொருந்திச் சமமாகிவிடும். விதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஐந்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

கணக்கு சொல்லித் தரும் வரிசை இதுதான்: முதலில் கையில் பிடிக்கும் பொருள், பிறகு படம், கடைசியில் எண். ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் எழுதியதை வைத்து சிங்கப்பூர் 1980களில் தன் கணக்குப் பாடத்தை இப்படி அமைத்தது. இங்கிலாந்துப் பள்ளிகள் அதைப் பார்த்துத்தான் நிறைய எடுத்துக்கொண்டன. நம் ஊருக்கும் இது புதிதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல், அட்டைகளையும் பொருள்களையும் வைத்துச் செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது, 2022இல் அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. யூகேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுத வைப்பது தனியார் பள்ளிகள் பெற்றோருக்குக் காட்டுவதற்காக வளர்த்த பழக்கம் என்பது என் கருத்து.

எழுத்து விஷயத்தில் ஒரு முக்கியமான வேண்டுகோள். இங்கே எழுத்தின் பெயரை முதலில் சொல்லித் தருவதில்லை, ஒலியைத்தான் தருகிறார்கள். பல பள்ளிகளில் ஸ், அ, ட், ப் என்ற நாலு ஒலிகளில்தான் தொடங்கும். பிள்ளைகள் மணல் தட்டில் விரலால் எழுதுவார்கள், காந்த எழுத்துகளை நகர்த்திச் சொல் கட்டுவார்கள், கையை ரோபோ மாதிரி வெட்டி வெட்டி ஒலியைப் பிரிப்பார்கள். வீட்டில் நீங்கள் 'எஸ், ஏ, டி' என்று ஸ்பெல்லிங் ஒப்பிக்க வைத்தால் இரண்டும் மோதும். ஜூன் மாதம் இயர் ஒன் பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது ஒலியைக் கூட்டிச் சொல்லை வாசிக்கும் சோதனை உண்டு. 40 சொற்கள், அதில் 20 பொருளே இல்லாத சொற்கள், பக்கத்தில் வேற்றுக்கிரகவாசி படம் போட்டிருக்கும். மனப்பாடம் அங்கே உதவாது, ஒலியைக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும். 32 சரியாக இருந்தால் போதும் என்பதே பல வருடங்களாக அளவு. ரேங்க் கிடையாது, எட்டவில்லை என்றால் இயர் டூவில் மறுபடி பார்ப்பார்கள்.

மணி கோப்பது, மாவு பிசைவது, இடுக்கியால் பஞ்சுருண்டை எடுப்பது இதெல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சி. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து மேசைகளில் நாலைந்து வேலை நடக்கும்போது, இங்கிலீஷ் இன்னும் வராத, கூச்சப்படும் பிள்ளை ஓரமாக நின்று மணலையே கிளறிக்கொண்டிருக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருப்பதுபோல் தெரியும், ஒன்றும் கற்றிருக்காது. முப்பது பிள்ளைகளில் இது ஆசிரியர் கண்ணில் படாமல் போவது உண்டு. அதனால் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்காமல், "எந்த மேசையில இருந்தே, யார்கூட, என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். தினமும் மணல் மேசைதான் பதில் என்றால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. அரிசியை டம்ளரால் அவளே அளந்து போடட்டும். பல்லாங்குழி இருந்தால் எடுங்கள், குழிக்கு ஐந்து சோழி போடுவதிலேயே ஐந்தாம் வாய்ப்பாடு ஓடிவிடும். புள்ளிக்கோலம் போடும் அம்மா பக்கத்தில் உட்காரட்டும். கடையில் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ், ஐந்து பென்ஸ் காசுகளை அவள் எண்ணிக் கொடுக்கட்டும். எல்லாவற்றையும் தமிழிலேயே பேசிச் செய்யுங்கள், வீட்டில் பிடிபட்டது வகுப்பில் இங்கிலீஷில் தானே வெளியே வரும். புக் பேக்கில் வரும் கதைப் புத்தகத்தைத் தினம் பத்து நிமிடம் அவள் வாசிக்க நீங்கள் கேட்டு, கூட வரும் சின்னப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, மீதி ஏற்றும் கூட்டலையும் கடன் வாங்கும் கழித்தலையும் மட்டும் இப்போது தொடாதீர்கள். அந்த எழுத்து முறையைப் பாடத்திட்டம் இயர் த்ரீயில்தான் வைத்திருக்கிறது. இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுகள் இயர் டூவில் வரும், பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் இயர் ஃபோர் முடிவில் கணினியில் சோதிப்பார்கள். அவளுக்கு நேரம் இருக்கிறது.

முதல் டெர்மில் பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவினிங் வரும், உங்களுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். மார்க் என்ன என்று கேட்டு அதை வீணாக்காதீர்கள். எந்த ஒலி வரை வந்திருக்கிறாள், இருபதுக்குள் எந்த இரண்டு எண்களைக் கூட்டுவதில் தடுமாறுகிறாள், அவளுக்குச் சுலபமாகிவிட்ட இடத்தில் அடுத்து என்ன கொடுக்கிறீர்கள் என்று இந்த மூன்றையும் கேளுங்கள். அதற்குள் நல்ல மழைக்கோட்டும் வெல்லி பூட்ஸ் என்னும் ரப்பர் பூட்ஸும் வாங்கி, உள்பக்கம் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மழை பெய்தாலும் வெளியே கூட்டிப்போவார்கள்.