குன்னூர் பங்களாவுக்கு வெடி வைக்கலாமா?

கேள்வி: குன்னூரில் எங்கள் தாத்தா வாங்கிய, 1890களில் கட்டிய பங்களா. மழையில் பின்பக்க மண் நகர்ந்து கல் சுவர் வெளியே சாய்ந்துவிட்டது. இடிக்கச் சொல்லி நோட்டீஸும் வந்தாயிற்று. சென்னை மௌலிவாக்கத்தில் செய்தது போல வெடி வைத்து ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்கிறார் ஒரு காண்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். மௌலிவாக்கத்தில் 2016-ல் இறக்கியது 11 மாடி கான்கிரீட் கட்டடம். தூண்களில் துளை போட்டு வெடிமருந்தை அடைத்துக் கட்டடத்தின் கால்களை உடைத்தார்கள். மீதியை மேலிருந்த பாரம் பார்த்துக்கொண்டது. உங்கள் வீட்டில் தூணே கிடையாது. சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய கல் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. சாய்ந்த சுவரில் டிரில் வைத்தாலே வைத்தவர் மேல் விழலாம். வெடித்தால் கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடியில் வேறு ஏற்கெனவே நகர்ந்த ஈர மண்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓர் அலுவலகக் கட்டடத்தை வெடி வைத்து இறக்கினார்கள். அதுவும் கான்கிரீட்தான். பக்கத்து லிட்டல்டனில் இருந்த பழைய கல் கோபுரத்தையோ பிரித்தெடுக்கத்தான் முனைந்தார்கள். வேலை நடக்கும்போதே அடுத்த அதிர்வில் அது விழுந்துவிட்டது. 2018-ல் திரும்பக் கட்டினார்கள்.

சரி, காண்ட்ராக்டர் கணக்குக்கு வருவோம். "வெடியில் எல்லாம் பொடியாகிவிடும், கூலி வேண்டாம், மரத்தை நானே கழற்றிக்கொள்கிறேன்" என்பார். அவர் கண் உங்கள் தேக்குச் சட்டத்திலும் ஈட்டி மரக் கதவிலும்தான். நான் பார்த்த ஒரு வீட்டில் மரமெல்லாம் லாரி ஏறியது. பிடித்து நிறுத்தக் கூரை இல்லாமல் சுவர்கள் மொட்டையாக நின்றன. வெடிக்காரர் வரவே இல்லை. குவாரி லைசென்ஸைக் காட்டினாலும் மயங்காதீர்கள். பாறை உடைத்த கை வீட்டுக்கு உதவாது.

மேலிருந்து கீழாகக் கையால்தான் பிரிக்க வேண்டும். முதலில் சுவருக்கு முட்டு, அப்புறம் புகைபோக்கி. ஓடுகளை இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். பிறகு சட்டம், கடைசியில் சுவரை வரி வரியாக. மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவரை மட்டும் தொடவே கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. முட்டுக் கொடுக்கக்கூட ஆள் கிட்டே போக முடியாத அளவுக்குச் சாய்ந்திருந்தால், நீளக் கை உள்ள இயந்திரத்தைத் தள்ளி நிறுத்தித் தட்டிவிடலாம். தள்ளி என்றால் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது. அதுவும் உறுதியான தரையில். பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினால் சுவரோடு இயந்திரமும் போகும். முட்டுக் கொடுக்கச் சோம்பல் என்பது விதிவிலக்கில் சேராது.

நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சரியான விதிதான். ஆனால் இடிக்கச் சொன்ன நோட்டீஸ் ஒரு வாரத்தில் வரும், இடிப்பதற்கான அனுமதிக்கு மேஜை மேஜையாக ஏற வேண்டும். ஐப்பசி மழை கையெழுத்துக்குக் காத்திருக்குமா? மனுவோடு நோட்டீஸ் நகலையும் சுவரின் படங்களையும் இணைத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

1900-ல் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தையும் பார்த்த வீடு, அவசரப்பட்டுக் கெடுக்காதீர்கள். ஆனால் இன்றிரவே பின்பக்க அறைகளைக் காலி செய்யுங்கள். சுவரோரம் போகும் நடைபாதையில் கயிறு கட்டுங்கள், பால்காரருக்கும் சேர்த்துத்தான்.