கால்பந்து கேள்வி – பதில்: பெட்ரியின் கால்களுக்குக் கிடைக்காத ஓய்வு

கேள்வி: ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் ஆடும் பெட்ரி ஒரு பருவத்தில் பத்து கோலைக்கூட எட்டியதில்லை. அப்படியிருக்க, உலகின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று அவரை எதை வைத்துச் சொல்கிறார்கள்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் அடுத்த முறை அவர் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடத் தோளுக்குப் பின்னால் ஒருமுறை, வலத் தோளுக்குப் பின்னால் ஒருமுறை என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பந்து காலுக்கு வந்து சேரும்போது எந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆகவே பந்தை நிறுத்திவிட்டு யோசிப்பதில்லை. அதைத் தன் உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு, முதல் தொடுதலிலேயே எதிராளியைத் தாண்டிவிடுகிறார். தொலைக்காட்சியில் இது ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். உண்மையில் எதிரணியின் ஒருவர் அந்த நொடியில் ஆட்டத்திலிருந்தே கழன்றுபோயிருப்பார்.

எண்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. 2021 ஜூலை 6 அன்று வெம்பிளியில் இத்தாலிக்கு எதிராக நடந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில், வழக்கமான 90 நிமிடங்களில் அவர் கொடுத்த ஒரு பாஸ்கூடத் தவறவில்லை. கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் 66 பாஸ்களில் 65 சரியாகப் போய்ச் சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது 18. ஸ்பெயின் பெனால்டியில் தோற்றுப்போனாலும், அந்தத் தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டில் இளம் ஆட்டக்காரர்களுக்கான கோபா விருதும் கோல்டன் பாய் விருதும் அவரைத் தேடி வந்தன.

கேள்வி: அவர் பார்சிலோனாவின் இளையோர் பள்ளியில் வளர்ந்தவரா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அவருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இல்லை. 2002 நவம்பர் 25 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், டெகெஸ்டே என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஸ்பெயின் நாட்டுக்கு உரியவை என்றாலும் அந்தத் தீவுகள் இருப்பது ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே. வீட்டில் பார்சிலோனாப் பற்று பரம்பரையாக வந்தது; அந்த ஊரில் பார்சிலோனா ரசிகர் மன்றத்தைத் தொடங்கியவரே அவருடைய தாத்தாதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிறுவனாக இருந்தபோது ரியல் மாட்ரிட் அவரை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தது. மாட்ரிடில் பனி கொட்டிய நாட்கள் அவை. தேறவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவரை எடுத்துக்கொண்ட அணி லாஸ் பால்மாஸ். அது பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் அணி. இரு தீவுகளுக்கும் இடையே உள்ள போட்டி மனப்பான்மையை அறிந்தவர்களுக்கு, டெனரீஃப் பையன் அங்கே போய் ஆடியது சிறிய செய்தி அன்று. 2019 ஆகஸ்டில், 16 வயதில், இரண்டாம் பிரிவு ஆட்டம் ஒன்றில் அறிமுகமானார். அடுத்த மாதத்தின் தொடக்கத்திலேயே பார்சிலோனா 50 லட்சம் யூரோ அடிப்படைத் தொகைக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அந்தப் பருவம் முழுவதும் லாஸ் பால்மாஸிலேயே ஆடிவிட்டு 2020-இல் வந்து சேர்ந்தார். இந்தக் காலத்து விலைவாசியில் இதைக் கொள்ளை மலிவு என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: அவருடைய விலை 100 கோடி யூரோ என்று படித்தேன். அவ்வளவு பணத்தை யார் கொடுப்பார்கள்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கக் கூடாது என்பதற்காகவே வைக்கப்பட்ட தொகை அது. ஸ்பெயினில் 1985-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றின்படி, தொழில்முறை ஆட்டக்காரர் இழப்பீடு செலுத்திவிட்டுத் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்த இழப்பீடு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது அங்கே வழக்கம். 2021-இல் பெட்ரியின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அந்த இடத்தில் 100 கோடி என்று எழுதினார்கள். பூட்டு பெரியது என்பதற்காகப் பெட்டியின் மதிப்பையும் அதை வைத்தே கணக்கிடக் கூடாது.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் 2021-க்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் காயத்தால் அடிக்கடி வெளியே உட்கார்ந்திருந்தாரே, அது உடல்வாகுக் குறையா, துரதிர்ஷ்டமா? என் மகனும் பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான் என்பதால் கேட்கிறேன். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டும் இல்லை என்பதே என் கருத்து. கணக்கைப் பாருங்கள். 2020–21 பருவத்தில் பார்சிலோனாவுக்காக 52 ஆட்டங்கள். ஸ்பெயினின் 21 வயதுக்குட்பட்டோர் அணி, முதன்மை அணி, யூரோ, ஒலிம்பிக் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் 73 ஆட்டங்கள். சராசரியாக ஐந்து நாட்களுக்கு ஓர் ஆட்டம். வெம்பிளியில் இத்தாலியோடு 120 நிமிடம் ஆடிய பதினாறாம் நாள், ஜப்பானின் சப்போரோ நகரில் எகிப்துக்கு எதிராக ஒலிம்பிக் ஆட்டம். ஆகஸ்ட் 7 அன்று யோகோஹாமாவில் பிரேசிலிடம் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளிப் பதக்கம். எட்டாம் நாள், ஸ்பெயினின் முதல் பிரிவான லா லிகாவின் புதிய பருவத்தில் பார்சிலோனா ஆடிய முதல் ஆட்டத்தில் மறுபடியும் அவர் களத்தில் நின்றார்.

ஒலிம்பிக் கால்பந்துக்கு ஆட்டக்காரர்களை அனுப்பியே தீர வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி கிளப்புகளைக் கட்டாயப்படுத்தவில்லை; ஆனால் ஸ்பெயின் கிளப்புகளை அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அப்போதைய பயிற்சியாளர் ரொனால்ட் கூமன், ஒரே கோடையில் இரண்டு தொடர்கள் அதிகம் என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். ஆனால் அதே பருவத்தில் அவரை ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் இறக்கியவரும் கூமன்தான் என்பதை மறந்துவிட முடியாது. நாட்டுக்கும் கிளப்புக்கும் இடையே அந்தப் பையனின் கால்கள் பொதுக்கிணறு போல ஆகிவிட்டன. இறைத்தவர்கள் பலர், தூர்வாரியவர் எவரும் இல்லை. செப்டம்பர் 14 அன்று பாயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்தது. அந்தப் பருவத்தில் பார்சிலோனாவுக்காக அவரால் 22 ஆட்டங்கள் மட்டுமே ஆட முடிந்தது. அதன் பிறகும் தொடைத் தசைக் காயம் திரும்பத் திரும்ப வந்தது.

நடுக்கள ஆட்டக்காரரின் ஓட்டம் நேர்கோட்டில் செல்வதன்று. நின்று, திரும்பி, பத்தடி பாய்ந்து, மறுபடி நின்று ஆடும் ஆட்டம் அது. ஒவ்வொரு முறை வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போதும் தொடைத் தசைதான் சுமையைத் தாங்குகிறது. அந்தத் தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நாட்கள் தேவை. 18 வயதில் களைப்பு தெரியாது, ஆனால் தசைக்குத் தெரியும். உங்கள் மகன் பள்ளி அணி, கிளப், மாவட்ட அணி என்று மூன்று பயிற்சியாளர்களிடம் ஒரே வாரத்தில் ஆடுகிறான் என்றால், அந்த மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: யூரோவில் அவர் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்டதை எப்படி மறந்தார்கள்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: மறக்கவில்லை, ஆனால் அதை அவர்மேல் சுமத்தவும் இல்லை. 2021 ஜூன் 28 அன்று கோபன்ஹேகனில் குரோவேஷியாவுடன் ஆட்டம். நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து பெட்ரி கோல்கீப்பர் உனாய் சிமோனுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தார். சாதாரணமான பாஸ்தான்; சிமோனின் காலில் பட்டும் படாமலும் அது உருண்டு கோலுக்குள் போய்விட்டது. கடைசியாகத் தொட்டு அனுப்பியவர் என்ற கணக்கில் ஏட்டில் பெட்ரியின் பெயர் ஏறியது. அதன் பின் பந்தைக் கேட்டு அவர் நீட்டிய கை ஒருமுறைகூடத் தாழவில்லை. கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் 5–3 என்று வென்றது.

கேள்வி: 2024 யூரோ காலிறுதியில் ஜெர்மனியின் டோனி குரூஸ் மோதியதால் வெளியேறிய பிறகு அவருடைய ஆட்டம் மாறியிருக்கிறதா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: ஜூலை 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் ஆட்டம் தொடங்கி எட்டு நிமிடத்துக்குள் முழங்கால் காயத்தோடு அழுதுகொண்டே வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த டானி ஓல்மோ ஒரு கோல் அடித்து, 119-ஆம் நிமிடத்தில் மெரினோவின் வெற்றிக் கோலுக்கும் வழிசெய்தார். குரூஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டார். பெட்ரியும் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். பெர்லினில் ஸ்பெயின் கோப்பையை வென்றபோது அவர் களத்தில் இல்லை.

மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஹான்சி ஃபிளிக் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின் பார்சிலோனாவின் உடற்பயிற்சிக் குழுவும் மாறியது. பெட்ரி சற்றுப் பின்னே நின்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் இடத்துக்கு வந்தார். 2024–25 பருவத்தில் கிளப்புக்காக 59 ஆட்டங்கள் ஆடினார். பந்தைக் கொடுப்பவர் மட்டுமல்லாமல், ஓடிவந்து பறிப்பவராகவும் மாறினார். 2025 ஏப்ரல் 26 அன்று செவில்லாவில் ஒருகாலத்தில் தன்னைத் திருப்பி அனுப்பிய ரியல் மாட்ரிடுக்கு எதிராகக் கிங்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். 28-ஆம் நிமிடத்தில் லமீன் யமால் பின்னோக்கித் தள்ளிய பந்தை, பெனால்டிப் பகுதியின் விளிம்பிலிருந்து, நிறுத்தாமல், வலையின் மேல் மூலைக்கு அனுப்பினார். பார்சிலோனா 3–2 என்று வென்ற அந்த ஆட்டத்தின் முதல் கோல் அதுவே.