சர்வரில் 128 ஜிபி ரேம் போட்டும் ஓஎஸ் 94 ஜிபி மட்டும் காட்டுவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: ஒற்றை ஸீயான் இ5 ப்ராசஸர் உள்ள சர்வர். எட்டு ஸ்லாட்டிலும் 16 ஜிபி டிடிஆர்4 குச்சிகள், ஆக 128 ஜிபி. லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை 94 ஜிபி என்கிறது. ஆனால் 'டிஎம்ஐ டிகோட்' எட்டுக் குச்சிகளையும் அளவோடு காட்டுகிறது. ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா?

சரியாகாது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். காணாமல் போன அளவே காரணம் எங்கே என்று காட்டிவிடும். அதனால் முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நினைவகத்தின் ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. அதாவது மொத்த நினைவகத்தில் 64இல் ஒரு பங்கு. இது பூட் ஆகும்போதே ஒதுக்கப்பட்டுவிடுவதால் 'ஃப்ரீ' காட்டும் மொத்தத்தில் சேராது. 128 ஜிபி முழுதாகக் கிடைத்திருந்தால் 2 ஜிபி இதற்குப் போய், 125, 126 என்று ஏதாவது காட்டியிருக்கும். 96 ஜிபி கிடைத்திருந்தால் 1.5 ஜிபி போய் 94 காட்டும். ஆக, உங்கள் கெர்னல் கையில் வந்து சேர்ந்தது 96 ஜிபி. காணாமல் போனது 32 ஜிபி, மிகச் சரியாகக் கால் பங்கு. சாஃப்ட்வேர் கோளாறில் எண் இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம். பெரும்பாலும் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் பயோஸ்) 32 ஜிபியைக் கெர்னலுக்குத் தரவே இல்லை என்று இதற்கு அர்த்தம்.

அப்படியானால் டிஎம்ஐ டிகோட் ஏன் எட்டையும் காட்டுகிறது? பலரும் தடுமாறுவது இங்கேதான். அந்தக் கட்டளை குச்சிகளை நேரே போய்ப் பார்ப்பதில்லை. பயோஸ் பூட் ஆகும்போது எழுதிவைத்த ஒரு அட்டவணையைத்தான் படிக்கிறது. ஸ்லாட்டில் என்ன செருகியிருக்கிறது என்பதை அந்த அட்டவணை சொல்லும். அதில் எவ்வளவு ஓஎஸ்ஸுக்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்வது வேறொன்று: இ820 எனப்படும் நினைவக வரைபடம். கெர்னல் நம்புவது வரைபடத்தை மட்டுமே. முடக்கப்பட்ட குச்சியைச் சில ஃபர்ம்வேர்கள் அட்டவணையில் அப்படியே விட்டுவைக்கும், சில 'எதுவும் செருகப்படவில்லை' என்று எழுதிவிடும். அதனால் அட்டவணையில் எட்டும் இருப்பது எட்டும் வேலை செய்வதற்குச் சான்று ஆகாது.

வரைபடத்தைப் பார்க்க, கெர்னலின் பூட் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' வெளியீட்டின் முதல் சில வரிகளில் இ820 என்று தேடுங்கள். 4 ஜிபி முகவரியில் தொடங்கி 'பயன்படுத்தத்தக்கது' என்று ஒரு நீண்ட பகுதி இருக்கும். 4 ஜிபிக்குக் கீழே சுமார் 2 ஜிபியைப் பிசிஐ சாதனங்களுக்கு விட்டுவைக்கும் போர்டில், 128 ஜிபியும் வந்திருந்தால் அந்தப் பகுதி 130 ஜிபி அருகே முடியும். 96 மட்டும் வந்திருந்தால் 98 அருகே முடியும். பதினாறடிமான எண்ணைக் கணக்கிடச் சோம்பலாக இருந்தால் 'எல்எஸ்மெம்' கட்டளை கொடுங்கள். ஆன்லைன் நினைவகம் கிட்டத்தட்ட எவ்வளவு என்று கடைசியில் வந்துவிடும். ஆனால் கெர்னலுக்கு வரம்பு போட்டிருந்தால் அதிலும் குறைந்த அளவே தெரியும், அதனால் முடிவுக்கு இ820 வரைபடத்தையே நம்புங்கள். அங்கேயே 96 என்றால் ஓஎஸ் பக்கம் தேடுவதை நிறுத்திவிடலாம். அங்கே 128 என்று வந்தால் மட்டும் கெர்னலுக்குப் போன அளவுருக்களைப் பாருங்கள். ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் 'மெம்=' என்று யாராவது எப்போதோ சோதனைக்காகப் போட்ட வரம்பு அப்படியே கிடக்கலாம். கெர்னல் செயலிழந்தால் பதிவெடுக்க வைக்கும் 'க்ராஷ்கெர்னல்' ஒதுக்கீடும் மொத்தத்திலிருந்து கழியும், ஆனால் அது பெரும்பாலும் சில நூறு எம்பிதான், 32 ஜிபி ஆகாது.

உங்கள் சர்வரில் கால் பங்கு போவதற்கு வலுவான காரணங்கள் இரண்டு. ஒன்றுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை, அதனால் அதை முதலில் பாருங்கள்.

அது ரேங்க் ஸ்பேரிங். பயோஸில் நினைவக அமைப்புப் பக்கத்தில் இயக்க முறை என்று ஒரு தேர்வு இருக்கும்: இண்டிபெண்டன்ட், மிர்ரரிங், லாக்ஸ்டெப், ஸ்பேரிங் என்ற பெயர்களில். ஸ்பேரிங் போட்டிருந்தால் ஒவ்வொரு சேனலிலும் (ப்ராசஸருக்கும் குச்சிகளுக்கும் இடையிலான தனித்தனிப் பாதை) ஒரு ரேங்க்கை (குச்சியில் ஒன்றாக இயங்கும் சிப்களின் தொகுதி) ஃபர்ம்வேர் மாற்று இருப்பாக ஒதுக்கிவைத்துவிடும். உங்கள் குச்சியின் லேபிளில் '2ஆர்' என்று இருந்தால் அது இரட்டை ரேங்க், ஒரு ரேங்க் 8 ஜிபி. சேனலுக்கு இரண்டு குச்சி, நான்கு ரேங்க். அதில் ஒன்று ஒதுங்கினால் சேனலுக்கு 8 ஜிபி போச்சு, நான்கு சேனலுக்கு 32 ஜிபி போச்சு. நீங்கள் பார்க்கும் எண் அதேதான். குச்சி எதுவும் பழுதில்லை, பிழைப்பதிவு எதுவும் வராது, அட்டவணையிலும் எட்டும் ஆரோக்கியமாகத் தெரியும். லேபிளில் '1ஆர்' என்றிருந்தால் இதே ஸ்பேரிங் பாதியைத் தின்றுவிடும், 64தான் மிஞ்சும். எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் மிர்ரரிங் போட்டிருந்தாலும் பாதிதான். ஆகவே ஒற்றை ரேங்க் குச்சி வைத்திருப்பவருக்கு 96 வந்தால் ஸ்பேரிங்கைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஸ்பேரிங் இருந்தால் அதை அணைப்பதா வேண்டாமா என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். திடீரென நிற்கவே கூடாத டேட்டாபேஸ் ஓடும் சர்வர் என்றால், யாரோ தெரிந்தே போட்டதாக இருக்கலாம். பொதுவான வேலைக்குக் குச்சியிலுள்ள பிழைதிருத்தும் வசதியான ஈசிசி போதும், இண்டிபெண்டன்ட் முறைக்கு மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

பயோஸில் இண்டிபெண்டன்ட் என்றே இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஒரு சேனல் முழுவதுமாக விழுந்திருக்கிறது. ஸீயான் இ5இல் நான்கு சேனல், சேனலுக்கு உங்களிடம் இரண்டு ஸ்லாட், இரண்டு குச்சி சேர்ந்து 32 ஜிபி. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: இரண்டு குச்சிகளுமே கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று பூட் நேரப் பயிற்சியில் (குச்சியோடு பேசும் சிக்னல் நேரத்தை ஃபர்ம்வேர் சோதித்துச் சரிசெய்யும் கட்டம்) தவறினாலே பல ஃபர்ம்வேர்கள் அந்தச் சேனலையே மூடிவிடும். குற்றமற்ற இன்னொன்றும் கூடவே உள்ளே போகும். எந்தச் சேனல் என்பதை 'ஐபிஎம்ஐ டூல்' கட்டளை மூலம் எஸ்இஎல் பதிவை (சர்வரின் மேலாண்மைச் சிப் வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவு) படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஸ்லாட் பெயரோடு, ஏ1, டி2 என்பது போல, நினைவகப் பிழை பதிவாகியிருக்கும். ஓஎஸ்ஸின் பதிவுகளில் இதைத் தேடிப் பயனில்லை, ஏனென்றால் இது ஓஎஸ் எழும்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இனி மூடியைத் திறக்க வேண்டும். பவர் கேபிள் இரண்டையும் உருவி, போர்டில் ஸ்டேண்ட்பை விளக்கு அணையும் வரை பொறுங்கள். கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். முதலில் சந்தேகச் சேனலின் இரண்டு குச்சிகளையும் கழற்றித் திரும்பச் செருகுங்கள். டிடிஆர்4 குச்சியின் விளிம்பு நேர்க்கோடாக இருக்காது, நடுவில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். நடுவில் மட்டும் அழுத்தினால் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஓரத்துத் தொடர்புகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் வைத்து, கிளிப் தானாக மூடும் வரை அழுத்துங்கள். தங்கத் தொடர்புகளில் அழுக்கு இருந்தால் நூல் உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பென்சில் அழிப்பான் வேண்டாம், பூச்சு தேயும், தூளும் ஸ்லாட்டுக்குள் போகும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த ஜோடியை நல்ல சேனலின் ஜோடியோடு இடம் மாற்றிப் போட்டு பூட் செய்யுங்கள். கோளாறு குச்சிகளோடு நகர்ந்தால் குச்சியில்தான் பழுது. அப்போது அந்தச் சேனலில் ஒவ்வொன்றாகத் தனியே போட்டு எது என்று கண்டுபிடியுங்கள். தனியாகப் போடும்போது சேனலின் முதல் ஸ்லாட்டில்தான் போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து தள்ளி இருப்பது அதுதான், கிளிப் நிறமும் வேறாக இருக்கும். இரண்டாவதில் மட்டும் போட்டால் நல்ல குச்சியையும் போர்டு ஏற்காது, நீங்கள் தவறாக அதைக் குப்பையில் போடுவீர்கள். குச்சி மாற்றிய பிறகு வரும் முதல் பூட் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கலாம். அது பயிற்சி நேரம், இடையில் பவரை நிறுத்தாதீர்கள். சில ஃபர்ம்வேர்கள் பழைய முடக்கத்தை நினைவில் வைத்திருக்கும். நல்ல குச்சி போட்ட பிறகும் 96 என்றே வந்தால் பயோஸில் அந்த ஸ்லாட்டை மறுபடி இயக்க வேண்டும்.

கோளாறு அதே சேனலிலேயே நின்றால் பார்வையை ப்ராசஸர் சாக்கெட்டுக்குத் திருப்புங்கள். இந்த வகையில் பின்கள் போர்டில் இருக்கின்றன. மெமரி கண்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இருப்பதால் ஒரே ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் போகும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலும் இதே விளைவுதான். தளர்த்திவிட்டு, எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பின்களைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசையில் ஒன்று ஒளியை வேறு விதமாகத் திருப்பினால் அதுதான்.

இதே கேள்வியோடு விண்டோஸ் சர்வரிலிருந்து வருபவர்களுக்கு: 'நிறுவப்பட்டது 128, பயன்படுத்தத்தக்கது 96' என்று காட்டினால் முதல் எண் பயோஸ் அட்டவணையிலிருந்தும் இரண்டாவது வரைபடத்திலிருந்தும் வருகிறது, காரணங்கள் மேலே சொன்னவைதான். ஆனால் எண் 32 என்று வெட்டினாற்போல் நின்றால் பதிப்பைப் பாருங்கள். 2008 ஆர்2 ஸ்டாண்டர்டின் உச்சவரம்பே 32 ஜிபி, 2012 எசென்ஷியல்ஸுக்கு 64, 2012 ஸ்டாண்டர்டுக்கு 4 டிபி. அடுத்து எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதியின் மேம்பட்ட அமைப்பில் 'அதிகபட்ச நினைவகம்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதிக ரேம் கிடைக்கும் என்று நம்பிப் பலர் அதை டிக் செய்கிறார்கள். அது வரம்பு மட்டுமே விதிக்கும், எதையும் கூட்டாது.

இரண்டு சாக்கெட் போர்டில் ஒரே ப்ராசஸர் இருந்தால் காலி சாக்கெட்டுக்குரிய ஸ்லாட்டுகள் வேலை செய்யாது, குச்சிகளை இந்தப் பக்கம் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகி 125, 126 என்று வந்த பிறகு ஒரு இரவு நினைவகச் சோதனை நிரலான மெம்டெஸ்ட்டை ஓடவிடுங்கள். பிறகு சில நாள் லினக்ஸின் நினைவகப் பிழைக் கண்காணிப்பான இடாக் எண்ணிகளில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் அது தொடர்ந்து ஏறினால் உத்தரவாதக் காலம் முடியும் முன் அந்தக் குச்சியை மாற்றி வாங்கிவிடுங்கள். 96 ஜிபியே போதும் என்று விழுந்த சேனலை அப்படியே விட்டுவிட வேண்டாம். நான்கு சேனலுக்குப் பதில் மூன்றில் ஓடும்போது நினைவகத்தின் அதிகபட்சத் தரவுப் பரிமாற்ற வேகமும் கால் பங்கு குறைகிறது, சாக்கெட்டில் வளைந்த பின் ஒன்று இருந்தால் அது அங்கேயே இருந்துகொண்டிருக்கும்.