கோடித்துணி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 61 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஈரோட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். சமீபத்தில் ஒரு காணொளி பார்த்தேன். இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஒரு பெண்மணி ஆட்டுரோமத்தை நனைத்து அழுத்திக் கையாலேயே சவப்போர்வை செய்கிறார். பெட்டி கிடையாது. போர்வையோடு அப்படியே மண்ணில் இறக்கிவிடுகிறார்கள். பார்த்ததிலிருந்து எனக்கும் கையால் செய்த ஒன்று வேண்டும் என்று ஆசை. நானே பூத்தையல் போட்டு வைத்துக்கொள்ளலாமா என்றும் தோன்றுகிறது. மகனிடம் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சும்மா இது" என்று எழுந்து போய்விட்டான்.

நம் ஊரில் அப்படிப்பட்ட துணி எங்கே கிடைக்கும்? உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைப்பது அபசகுனமா? எரிப்பது நல்லதா, புதைப்பது நல்லதா? எங்களில் எரிப்பதுதான் வழக்கம். காளான் விதைத்த உடுப்பு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறதாமே, அது எப்படி?

என் அம்மா இறந்தபோது 40-க்கு மேல் கோடித்துணி விழுந்தது. அவ்வளவு பெரிய சொந்தம் எங்களுக்கு. எனக்கு மூன்று தம்பிகள். அவர்களும் அப்படியே செய்வார்கள். ஆனால் வீட்டுக் குப்பையைக்கூட உரமாக்குகிற நான், போகும்போது பூமிக்குக் கெடுதல் செய்துவிட்டுப் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
ச., ஈரோடு

*

அன்புள்ள ச.,

இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து இழுத்துவிட்டது.

காளான் உடுப்பை விட்டுத்தள்ளுங்கள். ஜே ரிம் லீ என்ற கலைஞர் 2011-ல் மேடையில் அறிமுகப்படுத்தியது அது. 2019-ல் லூக் பெரி என்ற நடிகரை அதில் புதைத்ததால் உலகச் செய்தியானது. ஈரோட்டு மண்ணுக்கு ஒரு உடலை மக்க வைக்கத் தெரியும். அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

எரிப்பதா புதைப்பதா என்பதும் இப்போது உங்களுக்கு வேண்டாத கேள்வி. புகார் நகரத்துச் சுடுகாட்டை விவரிக்கும் மணிமேகலை, சுடுவோர், அப்படியே இட்டுவிட்டுப் போவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியால் கவிப்போர் என்று ஐந்து வழி சொல்கிறது. ஐந்தும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. வள்ளலார் எரிக்கவே கூடாது என்றார். வெறும் விறகாக அடுக்கினால் ஒரு உடலுக்கு 400, 500 கிலோ ஆகும் என்பார்கள். வறட்டியும் வைக்கோலும் வைத்து மேலே சேறு பூசி மூட்டம் போடுகிற ஊர்களில் சூடு உள்ளேயே நிற்கும், அவ்வளவு விறகு வேண்டியதில்லை. இப்போது டவுனெல்லாம் எரிவாயுத் தகனமேடை வந்துவிட்டது. உங்கள் வழக்கம் எரிப்பது என்றால் எரிக்கட்டும். எதில் எரிக்கிறார்கள் என்பதல்ல என் கவலை, எதையெல்லாம் சேர்த்துப் போட்டு எரிக்கிறார்கள் என்பதுதான்.

அந்த டெவன் அம்மாள் செய்வது அழகான வேலை. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்டில் ஆட்டுரோமத்துக்கும் பிணத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1666-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். இறந்தவரைக் கம்பளித் துணியில் மட்டும்தான் சுற்றிப் புதைக்க வேண்டும். யாரும் மதிக்கவில்லை என்று 1678-ல் இன்னும் இறுக்கினார்கள். புதைத்த 8 நாளுக்குள் ஒருவர் வந்து, கம்பளியில்தான் புதைத்தோம் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 5 பவுண்டு அபராதம். அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு, பாதி ஊர் ஏழைகளுக்கு. பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லினன் துணியில் ஜோராகப் புதைத்துவிட்டு, வீட்டு ஆளையே போய்த் துப்புக் கொடுக்கச் சொல்லி, பாதி அபராதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இறந்தவர் மேல் உள்ள அக்கறையில் வந்த சட்டம் அல்ல அது. வெளிநாட்டு லினன் உள்ளே வராமல் உள்ளூர்க் கம்பளி விற்க வேண்டும், அவ்வளவுதான். 1814 வரை அது சட்டமாகவே இருந்தது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணிகளுக்கு எதிராக 1700-லும் 1721-லும் தடை வாங்கியதிலும் அந்தக் கம்பளிக்காரர்களுக்குப் பங்கு உண்டு. இப்படியிருக்க, பருத்தி நெய்கிற ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஆட்டுரோமத்துக்கு ஏங்குகிறீர்கள்.

சரி, அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன வரி ஒன்று உண்டு. அம்மாவுக்கு 40-க்கு மேல் கோடி விழுந்தது, அவ்வளவு பெரிய சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. மறுக்க வேண்டாம். பெருமை தப்பில்லை. ஆனால் அந்த நாற்பதும் என்ன துணி? எங்கே போயிற்று? அதைக் கேட்டீர்களா?

என் பெரியம்மாவின் சாவில் எனக்கு இதெல்லாம் கண்ணில் பட்டது. வாழ்நாள் முழுக்கச் சுங்குடிச் சேலைதான் கட்டுவார். மற்றது உடம்பில் நிற்காது, எரிகிறது என்பார். அவரைக் குளிப்பாட்டி ஒரு சுங்குடியைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அப்புறம் கோடி வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் விலைச் சீட்டோடு இருந்தது. பெரியம்மாவின் காலடியிலேயே உறையைக் கிழித்துத் துணியை விரித்தார்கள். எல்லாம் பாலியஸ்டர். சாவுக்கு என்றே கடையில் தனி அடுக்கு உண்டு, எரியப்போகிறதுக்கு எதற்கு நல்லது என்று கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். சென்னையிலிருந்து வந்த பெரிய மாமா தாமதமாகிவிட்டார். அதற்குள் சம்பந்தி வீட்டுச் சேலை விழுந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கோடிக்கு முன்னால் எப்படிப் போடலாம் என்று ஆரம்பித்து, முற்றத்தில் குரல் ஏறி, பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற அளவுக்குப் போயிற்று. பெரியம்மாவின் முகம் தெரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

தகனமேடையில் இருந்த ஆள் ஒரு பார்வை பார்த்தார். "சேலை, மாலை எல்லாத்தையும் எடுங்க சார். இது உள்ள போனா உருகி தட்டுல ஒட்டிக்கிடும். நாங்கதான் சுரண்டணும்" என்றார். எல்லாவற்றையும் உருவினோம். மேடைக்குப் பின்னால் ஒரு குவியல் ஏற்கெனவே இருந்தது, மழையில் நனைந்து. அதன் மேல் கொண்டுபோய்ப் போட்டோம். பிளாஸ்டிக் நாரில் கட்டிய ரோஜா மாலைகள், ஜிகினா, சால்வைகள். முற்றத்தில் சண்டை போட்ட இரண்டு சேலைகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முன்பெல்லாம் சுடுகாட்டில் வேலை செய்கிறவர் கோடித்துணியை எடுத்துக்கொள்வார், அது பருத்தியாக இருந்தது, அவர் வீட்டில் யாராவது உடுத்துவார்கள். அந்த ஏற்பாட்டில் இருந்த சாதிக் கொடுமையை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பாலியஸ்டரை அவரே சீந்துவதில்லை. அள்ளிக் கொளுத்துகிற வேலை மட்டும் அவர் தலையில். அந்தப் புகையும் அவர் மூச்சில்தான்.

இந்த நாற்பது துணியும் இறந்தவருக்கு என்று கொண்டு வந்ததல்ல அம்மா. வந்திருக்கிறவர்களின் கண்ணுக்கு. இன்னார் போட்டார், இன்னார் போடவில்லை என்ற கணக்குக்கு. நம்மிடம் மட்டும் உள்ள நோய் என்றும் சொல்ல மாட்டேன். யூதர்களின் சமயநூலான தால்முத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு காலத்தில் அவர்களிடையே சாவை விடச் சாவுச் செலவு பெரிய துக்கமாகிவிட்டது. தாங்க முடியாமல் பிணத்தை அப்படியே போட்டுவிட்டு உறவினர்கள் ஓடிவிடுவார்களாம். ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் கமாலியேல் என்ற பெரிய குரு, தன்னைச் சாதாரண லினன் துணியில் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஊரே அப்படி மாறிற்று. இன்றும் வழக்கத்தை விடாதவர்கள் பையில்லாத, நூலில் முடிச்சுப் போடாத வெள்ளை உடுப்பில்தான் போகிறார்கள். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே துணி.

இதில் ஆரம்பித்தது யார் என்று பாருங்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்த மனிதர். இல்லாத ஒருவர் ஒரே துணியில் போனால் அதற்கு ஊரில் வேறு பெயர். 'பாவம், கோடி போடக்கூட நாதியில்லை' என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் தினக்கூலிக்காரர்கள் கந்துவட்டி வாங்கிச் சேலை எடுக்கிறார்கள். உங்களைப் போல நாற்பது கோடித்துணி விழுகிற வீட்டில், படித்த டீச்சரம்மா சாவில் ஒரே துணி என்றால் தெரு பேசும். பேசட்டும். அடுத்த சாவில் பக்கத்துத் தெருவுக்குத் துணிச்சல் வரும். நீங்கள் என்னவென்றால், நாற்பதையும் அப்படியே இருக்க விட்டுவிட்டு, அதற்கு அடியில் போர்த்த நாற்பத்தொன்றாவதாகக் கையால் செய்த ஒன்றைத் தேடுகிறீர்கள். அதன் மேலும் உங்கள் தம்பிகள் பாலியஸ்டர்தான் போடுவார்கள். நீங்கள் போட்ட பூத்தையலை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

கோபமாக எழுதிவிட்டேனோ? இருக்கட்டும். உங்கள் மீது எனக்கு மரியாதை இருப்பதால்தான் இவ்வளவு தூரம்.

அபசகுனம் பற்றிக் கேட்டீர்கள். சிறுவயதில் மேலப்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு உம்மா இருந்தார். நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். அவருடைய டிரங்குப் பெட்டியில் கபன் துணி, அதாவது இறந்த பிறகு அவரைச் சுற்ற வேண்டிய துணி, இருந்தது. தம்பி ஹஜ்ஜுக்குப் போனபோது ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வந்தது. வெயில் காலத்தில் மற்ற துணிகளோடு அதையும் எடுத்து உதறி வெயிலில் போடுவார். யாரும் பதறியதில்லை. ஒருநாள் தெருவில் ஒரு ஏழைப் பெண் இறந்துபோனபோது, கடை அடைத்திருந்தது என்று, தன் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டார். "எனக்கு வேற வாங்கிக்கிடலாம், அவளுக்கு இன்னைக்கில்லா வேணும்" என்றாராம். என் அம்மா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்.

முஸ்லிம்கள் முறையில் ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. தையல் கிடையாது. அளந்து கிழித்துச் சுற்றி, அதே துணியின் கிழிசலால் முடிந்துவிடுவார்கள். தூக்கிப் போகிற பெட்டியான சந்தூக்கு பள்ளிவாசலுடையது. அடக்கம் முடிந்ததும் திரும்பிப் பள்ளிவாசலுக்கே வந்துவிடும், அடுத்தவருக்கு. நீங்கள் காணொளியில் பார்த்து வியந்ததெல்லாம் அடுத்த தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை. நம்முடையதும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில், 'கால்கழி கட்டிலிற் கிடப்பித் தூவெள் அறுவை போர்ப்பித்திலதே' என்று ஒரு தாய் சொல்கிறாள். பாடையில் கிடத்தித் தூய வெள்ளைத் துணி போர்த்தவில்லையே என்கிறாள். அப்படி ஒரு வெள்ளைத் துணி போர்த்துகிற சாவுதான் அவள் மனதில் இருப்பது. அந்தப் பாட்டில் நாற்பது துணி இல்லை.

பிறந்த வீட்டுக் கோடியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு அவள் பிறந்த வீடு செய்கிற கடைசிச் சீர் அது. அதை எடுத்துவிட்டால் உங்களுக்கே மனசு ஆறாது. மூன்று தம்பிகளும் சேர்ந்து ஒரே துணி போடட்டும். மற்றவர்கள் துணிக்கு ஆகும் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகட்டும். மாலைக்கும் இதேதான். வாழைநாரில் கட்டிய ஒன்று போதும். வீதி முழுக்கப் பூவை உதறிக்கொண்டு போவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள் அல்லவா. சென்னிமலை உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. கைத்தறிச் சங்கத்தில் போய்ச் சாயமும் கரையும் இல்லாத பருத்திப் போர்வையாகக் கேளுங்கள். உங்கள் உயரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் முடிவதற்கு ஒரு முழம் கூடுதலாக இருக்கட்டும். சரிகை வேண்டாம், மலிவுச் சரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான். பூத்தையல் ஆசையை விட முடியவில்லை என்றால் பருத்தி நூலில் போடுங்கள். வாங்கும்போது நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். பொசுங்கிச் சாம்பலானால் பருத்தி, உருண்டு கட்டியானால் பாலியஸ்டர்.

ஆனால் சென்னிமலைக்கு பஸ் ஏறுவதற்கு முன் தம்பிகள் மூவருக்கும் போன் போடுங்கள். பெரிய தம்பியிடம் முதலில் பேசுங்கள், சண்டை அங்கேதான் வரும். மகனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.